ஆர்வத்தைத் தேடச் சொல்லாதீர்கள், அது வளர இடம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளிவரும் நாள் முதல் கலந்தாய்வுகள் முடியும் வரை, தங்கள் நாளிதழ் உட்பட எல்லா நாளிதழ்களும் உயர்கல்வி வழிகாட்டிப் பக்கங்களை வெளியிடுகின்றன. ஊர் ஊராக வழிகாட்டி நிகழ்ச்சிகளும் நடக்கின்றன. அவற்றில் எழுதுபவர்களும் பேசுபவர்களும் மாணவர்களுக்குத் தவறாமல் சொல்லும் அறிவுரை ஒன்று உண்டு. உனக்கு எதில் ஆர்வம் இருக்கிறது என்பதை முதலில் கண்டுபிடி, பிறகு அதையே படி, அதையே தொழிலாகக் கொள் என்பதே அது. நல்லெண்ணத்தில் சொல்லப்படும் அறிவுரைதான். பெற்றோரின் விருப்பத்துக்காகவும் உறவினரின் பேச்சுக்காகவும் படிப்பைத் தேர்ந்தெடுத்துத் திணறிய பிள்ளைகளைப் பார்த்தவர்கள்தாம் இதை வலியுறுத்துகிறார்கள். ஆனால், தொழிற்பயிற்சி நிலையத்தில் பொருத்துநர் (ஃபிட்டர்) பிரிவின் பயிற்றுநராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற எனக்கு, இந்த அறிவுரையின் வரிசை தலைகீழாக இருக்கிறது என்ற எண்ணம் நாளுக்கு நாள் உறுதிப்பட்டு வருகிறது. ஆர்வம் முதலில் கிடைத்து அதன்பின் உழைப்பு வருவதை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். உழைப்பில் கொஞ்சம் தேர்ச்சி வந்தபின் ஆர்வம் பிறப்பதைத்தான் ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். இதைச் சற்று விரிவாக எழுத அனுமதிக்க வேண்டுகிறேன்.

பதினேழு வயதுப் பிள்ளை எத்தனை தொழில்களை அருகிலிருந்து பார்த்திருக்க முடியும்? ஆசிரியர், மருத்துவர், காவலர், பேருந்து ஓட்டுநர், கடைக்காரர். அதற்கு மேல் திரையிலும் கைப்பேசியிலும் பார்த்தவை. தாய் நூற்பாலையில் இரவு ஷிப்ட் பார்க்க, தந்தை ஆட்டோ ஓட்டும் வீட்டிலிருந்து வரும் பிள்ளையிடம், பம்புசெட்டின் உள்ளே சுழலும் பாகத்தை எப்படிச் சமநிலைப்படுத்துகிறார்கள் என்பதிலோ, ஒரு கட்டடத்துக்கு வேண்டிய மின்சாரத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பதிலோ உனக்கு ஆர்வம் இருக்கிறதா என்று கேட்டால் அது என்ன சொல்லும்? கண்ணால் காணாத ஒன்றின்மேல் ஆர்வம் எப்படி வரும்? பதில் சொல்லத் தெரியாத பிள்ளை, மற்றவர்களுக்கெல்லாம் இருக்கும் ஏதோ ஒன்று தனக்கு இல்லை என்று நினைத்து ஒதுங்கிக்கொள்கிறது. பதில் சொல்லும் பிள்ளைகள் பலரும் எங்கோ கேட்ட பதிலைத்தான் சொல்கிறார்கள். அவர்களுக்குச் சிக்கல் பின்னால் வருகிறது. சேர்ந்து இரண்டொரு மாதம் ஆனதும், பாடம் கடினமாகும் நேரத்தில், “சார், எனக்கு இது செட் ஆகல” என்று வந்து நிற்பவர்களில் இவர்களே அதிகம். ஆர்வம் இருந்தால் எல்லாம் எளிதாக இருக்கும் என்று அவர்களுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். எளிதாக இல்லாததால், இது தங்களுக்கு உரிய துறை இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

உளவியல் துறையிலும் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். பால் ஓகீஃப், கேரல் டுவெக், கிரெகரி வால்டன் ஆகிய மூவர் 2018இல் வெளியிட்ட ஆய்வில், ஆர்வம் மனிதருக்குள் ஏற்கெனவே முழுதாக இருக்கிறது, அதைத் தேடி எடுத்தால் போதும் என்று நம்புபவர்களையும், அது பழகப் பழக வளர்கிறது என்று நம்புபவர்களையும் ஒப்பிட்டார்கள். ஆய்வில் கலந்துகொண்ட மாணவர்களுக்குக் கருந்துளைகளைப் பற்றிய, எளிமையும் கவர்ச்சியும் உள்ள காணொளி ஒன்று காட்டப்பட்டது. பார்த்தவர்களுக்கு ஆர்வம் பொங்கியது. அடுத்து, அதே பொருளைப் பற்றிய கடினமான அறிவியல் கட்டுரை ஒன்றைப் படிக்கக் கொடுத்தபோது, ஆர்வம் உள்ளே ஏற்கெனவே இருப்பது என்று நம்பியவர்களிடம்தான் அது கூடுதலாக வடிந்துபோனது. தங்கள் துறைக்கு வெளியே உள்ள பொருள்களில் நாட்டம் காட்டுவதிலும் அவர்கள் பின்தங்கினார்கள். அப்படியானால், ஆர்வத்தைத் தேடு என்று நாம் மேடை போட்டுச் சொல்வது, கடினமான இடம் வந்ததும் விட்டுவிடு என்று காதோடு சொல்லிக் கொடுப்பதாகவும் ஆகிவிடுகிறது. இதை வழிகாட்டிகள் கவனிக்க வேண்டும்.

பட்டறையில் ஆர்வம் பிறக்கும் விதத்தைச் சொல்கிறேன். பொருத்துநர் பிரிவில் சேரும் மாணவரின் கையில் தொடக்கத்திலேயே கொடுக்கப்படுவது ஓர் அரம். வைஸ் என்னும் பிடிப்புக் கருவியில் இறுக்கிய இரும்புப் பட்டைத் துண்டின் ஒரு பக்கத்தைச் சமதளமாக அராவி, அடுத்த பக்கத்தை அதற்குச் சரியான செங்கோணத்துக்குக் கொண்டுவர வேண்டும். கேட்பதற்கு ஒன்றுமில்லாத வேலை. செய்து பார்த்தவர்களுக்குத்தான் அதன் கடினம் தெரியும். அரத்தை முன்னே தள்ளும்போது தொடக்கத்தில் இடக்கையின் அழுத்தம் கூடுதலாக இருக்க வேண்டும். நடுவில் இரு கைகளின் அழுத்தமும் சமமாக வேண்டும். முடிவில் அழுத்தம் வலக்கைக்கு மாற வேண்டும். பின்னுக்கு இழுக்கும்போது அழுத்தவே கூடாது. இது கைக்கு வராத வரை அரம் மேலும் கீழும் ஆடும். துண்டின் இரு ஓரங்களும் தேய்ந்து நடுவில் மேடு நிற்கும். இரும்புத் துகள் அரத்தின் பற்களில் சிக்கிக்கொண்டால் பரப்பில் கீறல் விழும் என்பதால், அரத்தில் சாக்பீஸைத் தேய்த்துக்கொள்ள வேண்டும். அராவி முடித்ததும் செங்கோணத்தைச் சரிபார்க்கும் மூலைமட்டத்தைத் துண்டின்மேல் பொருத்தி, சன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்க்க வேண்டும். மட்டத்துக்கும் இரும்புக்கும் இடையே வெளிச்சக் கீற்று தெரிந்தால் வேலை இன்னும் முடியவில்லை என்று பொருள்.

முதல் சில வாரங்கள் எல்லாருக்கும் வெளிச்சம் தெரியும். உள்ளங்கையில் கொப்புளம் கிளம்பும், தோள்பட்டை வலிக்கும், தேய்ந்து தேய்ந்து துண்டு அளவுக்குக் கீழே போய்விட்டால் புதுத் துண்டை எடுத்து மீண்டும் தொடங்க வேண்டும். அந்த நாள்களில் மாணவர்களிடம் ஆர்வத்தைப் பற்றியோ எதிர்காலத்தைப் பற்றியோ பேசிப் பயனில்லை. பக்கத்தில் நின்று, நிற்கும் நிலையைத் திருத்தி, முழங்கையைப் பிடித்துத் தள்ளிக் காட்டி, நேற்றைக்கு இன்று எவ்வளவு தேவலை என்று சொல்வது மட்டுமே பயன் தரும். பிறகு ஒருநாள் வெளிச்சம் தெரியாது. மாணவர் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், துடைத்துவிட்டு மறுபடியும் மட்டத்தை வைப்பார், அடுத்த வைஸில் நிற்பவரைக் கூப்பிட்டுக் காட்டுவார். அன்று சாப்பாட்டு மணி அடித்தபின்னும் அடுத்த பக்கத்தை அராவத் தொடங்கிவிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அதன்பின் கேள்விகள் தாமாக வரும். 0.02 மில்லிமீட்டர் வரை காட்டும் வெர்னியரைவிட நுட்பமாக அளக்க என்ன இருக்கிறது, 0.01 மில்லிமீட்டர் காட்டும் மைக்ரோமீட்டரைத் தொட்டுப் பார்க்கலாமா, இந்த இரும்பு ஏன் மென்மையாக இருக்கிறது, அந்த இரும்பு ஏன் அரத்தை வழுக்கிவிடுகிறது என்று கேட்பார்கள். சேர்க்கை நாளில் எதில் ஆர்வம் என்று கேட்டதற்குத் தலைகுனிந்து நின்ற பிள்ளைகளே இப்படிக் கேட்பார்கள். சித்திரமும் கைப்பழக்கம் என்று நம் மக்கள் சொல்வது திறமையைப் பற்றி. ஆர்வத்துக்கும் அது பொருந்தும் என்பதை நான் பட்டறையில்தான் தெரிந்துகொண்டேன்.

கைத்தொழிலுக்கு இது சரி, அறிவுத்துறைக்கு ஒத்துவருமா என்று சிலர் கேட்கக்கூடும். தமிழர்களாகிய நமக்கு உ. வே. சாமிநாதையரின் வாழ்க்கையைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை. 1880ஆம் ஆண்டில் அவர் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் தமிழாசிரியரானார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பல ஆண்டுகள் பாடம் கேட்டவர். அந்தாதிகளும் கலம்பகங்களும் பிள்ளைத்தமிழ்களும் புராணங்களும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அவருடைய தமிழ்ப்பற்றில் அப்போதும் குறையில்லை. ஆனால், பின்னாளில் அவரை நாம் எதற்காகக் கொண்டாடுகிறோமோ அந்தப் பணியின் சுவடுகூட அன்று அவர் மனத்தில் இல்லை. அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில், கும்பகோணத்துக்கு முன்சீபாக (உரிமையியல் நீதிபதியாக) வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்தபோது, தாம் படித்த நூல்களை வரிசையாகச் சொன்னார். முதலியார் அவற்றில் எதற்கும் அசையவில்லை. சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டார். அப்போது 25 வயதாகியிருந்த சாமிநாதையர் அந்த நூலைப் பார்த்ததுகூட இல்லை.

அடுத்து நடந்தவை நம் வழிகாட்டிக் கூட்டங்களில் சொல்லப்பட வேண்டியவை. சிந்தாமணியைக் கண்டதும் அவருக்கு உள்ளொளி தோன்றிவிடவில்லை, நூல் புரியவில்லை. அது சமண காப்பியம். அவர் சைவச் சூழலில் வளர்ந்தவர். நூலின் கதையும் தெரியாது, சமயக் கருத்துகளும் தெரியாது, உரையாசிரியர் நச்சினார்க்கினியர் எடுத்துக்காட்டும் மேற்கோள்கள் எந்த நூல்களில் உள்ளவை என்பதும் தெரியாது. தாம் கற்றது போதாது என்பதை ஏற்றுக்கொண்டு, கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களைத் தேடிப் போய்ச் சந்தேகம் கேட்டார். ஏட்டுச் சுவடிகளைத் தொகுத்து ஒப்பிட்டார். பகலில் கல்லூரி வேலை, மற்ற நேரமெல்லாம் சுவடி. அச்சுச் செலவுக்கு முன்கூட்டியே பணம் தர இசைபவர்களின் கையொப்பம் சேர்க்க வேண்டியிருந்தது. 1887இல் சிந்தாமணி பதிப்பு வெளிவந்தது. தொடக்கத்தில் இடறிய அந்த மேற்கோள்களே அவரை அடுத்த நூல்களுக்குக் கொண்டுசென்றன என்பதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். எந்த நூலின் அடி இது என்று தேடப் போனவருக்குப் பழைய நூல்களின் சுவடிகள் ஒவ்வொன்றாகக் கிடைத்தன. 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை என்று பதிப்புகள் தொடர்ந்தன. குறுந்தொகைப் பதிப்பு வெளிவந்தது 1937இல். அப்போது அவருக்கு வயது 82. முதல் நூல் புரியாததால் பிறந்த நாட்டம் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அவரை விடவில்லை. அதற்கு வித்திட்டது, இன்னொருவர் கேட்ட கடினமான கேள்வியும் அதை விட்டு ஓடாத மனமுமே.

எங்கள் கோவைக்காரர் ஜி. டி. நாயுடுவை எடுத்துக்காட்டி எனக்கு மறுப்புச் சொல்லலாம். 1893இல் கலங்கலில் பிறந்த அவர், பள்ளிப் படிப்பில் நிற்காதவர். ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கியவர். ஆகவே அவருக்கு ஆர்வம்தானே முன்னால் வந்தது என்பார்கள். ஒரு வண்டியைக் கண்டு மயங்குவது எல்லாப் பிள்ளைகளுக்கும் நடப்பதுதான். அந்த மயக்கம் அவரிடம் என்னவாக மாறியது என்பதைப் பார்க்க வேண்டும். வண்டி வாங்கப் பணம் சேர்ப்பதற்காக அவர் கோவையில் ஓர் உணவு விடுதியில் பணியாளராக வேலை செய்தார். அந்த வேலையில் அவருக்கு ஆர்வம் இருந்திருக்க வேண்டிய தேவையே இல்லை, ஆனாலும் செய்தார். வண்டி கைக்கு வந்ததும் ஓட்டி மகிழ்வதோடு நிற்காமல், பாகம் பாகமாகக் கழற்றி மறுபடியும் பூட்டினார். கழற்றிப் பூட்டியதில்தான் பொறியியல் அவருக்குள் இறங்கியது என்று நான் நினைக்கிறேன். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கியவர், 1937இல் உள்நாட்டிலேயே மின்மோட்டார் தயாரிப்பதில் முன்னோடியாக நின்றார். அவிநாசி சாலையில் ஹோப் காலேஜ் நிறுத்தத்தில் தினமும் இறங்கி ஏறும் இளைஞர்களில் பலருக்கு, அந்தப் பெயர் 1945இல் அவர் முனைப்பில் உருவான தொழில்நுட்பக் கல்வி முயற்சியின் நினைவு என்பது தெரியாது. தெரிந்துகொண்டால் நல்லது.

அர்ப்பணிப்பு என்ற சொல்லை மேடையில் கேட்கும்போது, தூக்கம் துறந்து, குடும்பம் மறந்து உழைப்பதே நினைவுக்கு வருகிறது. நான் கண்ட அர்ப்பணிப்பு அவ்வளவு ஆரவாரமானது அன்று. நேற்றுச் சரியாக வராத வேலைக்கு இன்று திரும்பி வருவது, கருவியைத் துடைத்து எண்ணெய் தடவி வைத்துவிட்டு வீட்டுக்குப் போவது, பிழையை ஒளிக்காமல் பயிற்றுநரிடம் காட்டுவது, வாரத்தில் சில மணி நேரமாவது தனக்குத் தெரியாத ஒன்றைக் கற்க ஒதுக்குவது ஆகியவையே நாளடைவில் ஒருவரை உயர்த்துகின்றன. உடம்பைக் கெடுத்துக்கொள்ளும் வெறியை இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. மிகுந்த வேகத்தோடு தொடங்கி, ஞாயிற்றுக்கிழமையும் பட்டறையைத் திறக்கச் சொல்லிக் கேட்டு, ஆறே மாதத்தில் சலித்துப்போன மாணவர்களும் இருந்தார்கள். நிதானமாக வந்து நிதானமாகப் போனவர்கள் அவர்களைத் தாண்டிச் சென்றார்கள்.

இதைப் படிப்பவர்கள், பிடிக்காத வேலையில் ஆயுள் முழுவதும் கிடக்கச் சொல்கிறேன் என்று எண்ணிவிடக் கூடாது. ஒட்டாத தொழில்கள் உண்டு, விட்டு விலகத்தான் வேண்டும். எப்போது விலகுவது என்பதே கேள்வி. தொடக்கத்தின் கடினத்தைக் கண்டு விலகுபவர் எந்தத் துறைக்குப் போனாலும் அங்கேயும் ஒரு தொடக்கம் காத்திருக்கும். ஒரு வேலையைச் சரியாகச் செய்யக் கற்று முடித்தபின், அடுத்தது என்ன என்று கேட்கத் தோன்றுகிறதா என்று பார்க்கச் சொல்வேன். தோன்றினால் அங்கே இருக்கலாம். சரியாகச் செய்தும் மனம் அசையவில்லை என்றால், நேர்மையாக இடம் மாறலாம். பொருத்துநர் பிரிவில் நன்றாகவே தேறி, ஆனால் மனம் ஒட்டாமல், மின்பணிக்கு மாறி அங்கே மலர்ந்த மாணவர்கள் எனக்கு உண்டு. அரம் பிடித்த நாள்கள் அவர்களுக்கு வீணாகவில்லை. அளந்து செய்யும் பழக்கத்தை அவர்கள் உடன் எடுத்துச் சென்றார்கள்.

வேலையில் நெடுங்காலம் இருப்பவர்களின் வளர்ச்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் வழிகாட்டிப் பக்கங்கள் இளைஞர்களோடு நின்றுவிடுகின்றன. என் பழைய மாணவர் ஒருவர், பம்புசெட் தொழிற்சாலையில் சாதாரண லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) ஆண்டுக்கணக்கில் வேலை பார்த்தவர். நாற்பதைத் தாண்டிய வயதில், அந்த வரிசை லேத்துகளை எடுத்துவிட்டுக் கணினி நிரலால் இயங்கும் சிஎன்சி இயந்திரங்களை வைத்தார்கள். ஆங்கிலத்தில் எழுத்துகளும் எண்களுமாக வரும் நிரல்களைப் பார்த்து அவர் முதலில் மிரண்டார். பையன்கள் செய்யட்டும், நான் பொருள் தூக்கிக் கொடுக்கிறேன் என்றார். அவருடைய மேற்பார்வையாளர் நல்ல மனிதர், விடவில்லை. கருவி வெட்டாமல் வேகமாக நகர ஜி00, வெட்டிக்கொண்டே நேர்க்கோட்டில் நகர ஜி01, வில்லாக வளைய ஜி02, ஜி03 என்று ஒவ்வொன்றையும் பழைய நாட்காட்டித் தாள்களின் பின்புறத்தில் தமிழில் எழுதி, இயந்திரத்தின் பக்கவாட்டில் ஒட்டி வைத்துக்கொண்டார். சில மாதங்களில் ஒரு விஷயம் அவருக்குப் புலப்பட்டது. நிரல் எழுதத் தெரிந்த இளைஞர்களுக்கு, வெட்டும் ஓசை மாறியதும் கருவியின் முனை மழுங்கிவிட்டது என்று தெரியவில்லை, இவருக்குத் தெரிந்தது. சுருள் சுருளாக விழும் இரும்புச் சீவலின் நிறத்தைப் பார்த்தே வேகம் கூடிவிட்டது என்று இவரால் சொல்ல முடிந்தது. பழைய அனுபவம் செல்லாக்காசாகிவிட்டது என்று நினைத்தவருக்கு, அதன் மதிப்பு புது இயந்திரத்தின் முன்னால்தான் விளங்கியது. இப்போது அவர் அந்தப் பிரிவில் மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறார். நாற்பது வயதுக்கு மேல் தொழிலின்மேல் முதன்முறையாக ஆசை வந்திருக்கிறது சார் என்று அவர் சொன்னபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

அந்த மேற்பார்வையாளரைப் போன்றவர்கள் எல்லா இடத்திலும் இல்லை என்பது என் கவலை. வேலைக்கு ஆள் தேடும் விளம்பரங்களில் ஆர்வமும் அர்ப்பணிப்பும் உடையவர்கள் தேவை என்று போடுகிறார்கள். அந்த ஆர்வத்துக்கு அவர்கள் என்ன தருகிறார்கள்? அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழுவொன்று சில ஆண்டுகளுக்கு முன் வெளியிட்ட ஆய்வு, வேலையில் ஆர்வம் மிகுந்தவர் என்று தெரிந்தால், அவரிடம் ஊதியமில்லாத கூடுதல் வேலையும் தொழிலுக்குத் தொடர்பில்லாத எடுபிடி வேலையும் வாங்குவது நியாயமே என்று மற்றவர்கள் எண்ணத் தலைப்படுகிறார்கள் என்று காட்டியது. நம் ஊரில் இதற்கு ஆய்வே தேவையில்லை. 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் (அப்ரென்டிஸ்) சட்டம், பழகுநருக்குத் தொழிலில் நேரடிப் பயிற்சியும் அதனோடு தொடர்புடைய பாடமும் தர வேண்டும் என்கிறது. நடைமுறையில், என் மாணவர்கள் சிலர் பழகுநர்களாகச் சேர்ந்த இடத்தில், ஓராண்டு முழுவதும் ஒரே பிரஸ் இயந்திரத்தில் தகட்டை வைத்து எடுக்கும் வேலையை மட்டும் செய்துவிட்டு வந்தார்கள். படித்த எதையும் அங்கே தொடவில்லை. வேறு வேலை கற்றுக்கொடுக்கக் கேட்டதற்கு, உனக்கு வேலையில் ஈடுபாடு போதவில்லை என்ற பதில் கிடைத்ததாம். கற்பதற்கு வழியில்லாத இடத்தில் ஈடுபாடு எதைப் பற்றிக்கொண்டு வளரும்? ஒப்பந்தத்தை மாதக்கணக்கில் நீட்டி நீட்டி வைத்திருக்கும் ஒருவரிடம் நிறுவனத்துக்காக உயிரைக் கொடு என்று கேட்பது அறம் ஆகாது. நல்ல முதலாளிகளும் கோவையில் பலர் இருக்கிறார்கள். பழகுநர்களைப் பிரிவுக்குப் பிரிவு மாற்றி, பழுத்த தொழிலாளி ஒருவரின் பக்கத்தில் நிறுத்திக் கற்றுக்கொடுக்கிறார்கள். அவர்களிடம் சேர்ந்த பிள்ளைகள் எளிதில் வேறு இடம் தேடிப் போவதில்லை.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு சொல். பொருத்துநர், கடைசலர், பற்றவைப்பவர் பிரிவுகளில் சேரும் மாணவிகள் இன்னும் குறைவு. உனக்கு எதில் ஆர்வம் என்ற கேள்விக்கு இயந்திரம் என்று சொல்ல அவர்களில் பலருக்கு வாய்ப்பே இருந்திருக்காது, ஏனெனில் வீட்டில் மிக்ஸி பழுதானால் ஸ்க்ரூடிரைவரைத் தம்பியிடம்தான் கொடுப்பார்கள். அரம் பிடித்துப் பார்க்க அவர்களுக்கும் வாய்ப்புக் கொடுத்த ஆண்டுகளில், நுட்பமாக அளந்து செய்வதில் அவர்கள் யாருக்கும் பின்தங்கவில்லை.

என் வேண்டுகோள்கள் பெரியவை அல்ல. தமிழ்நாடு அரசு 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டமும், அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் நிறுவப்பட்டுவரும் நவீன தொழில்நுட்ப மையங்களும் வரவேற்கத்தக்கவை. ரோபோவும் சிஎன்சியும் எங்கள் காலத்தில் நாங்கள் கனவிலும் காணாதவை. இயந்திரத்தோடு, மாணவரின் பக்கத்தில் நின்று முழங்கையைத் திருத்த நேரமுள்ள பயிற்றுநரும் வேண்டும். பயிற்றுநர் பணியிடங்கள் காலியாகக் கிடந்தால், எவ்வளவு விலை உயர்ந்த இயந்திரமும் கண்காட்சிப் பொருளாகிவிடும். 1978இல் நம் மாநிலத்தில் மேல்நிலைக் கல்வி தொடங்கியபோதே தொழிற்கல்விப் பிரிவும் அதோடு வந்தது. அதற்கு மீண்டும் உயிர் கொடுக்க வேண்டும். மதிப்பெண் குறைந்தவர்களை ஒதுக்கி வைக்கும் இடமாக அதைக் கருதும் பழக்கமும் போக வேண்டும். ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளிலேயே எல்லா மாணவர்களும் மரவேலை, மின்பணி, உலோக வேலை, தையல், தோட்டக்கலை ஆகியவற்றில் இரண்டு மூன்றையாவது சில வாரங்கள் தொடர்ச்சியாகச் செய்து பார்க்க ஏற்பாடு வேண்டும். ஒரு மணி நேரப் பார்வையிடல் போதாது. தொடக்கத்தின் கடினத்தைத் தாண்டி முதல் தேர்ச்சியைத் தொடும் அளவுக்கு அவகாசம் இருந்தால்தான் எதையும் அறிய முடியும்.

பெற்றோருக்கும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். பிள்ளை புதிதாகச் சேர்ந்த படிப்பிலோ வேலையிலோ முதல் சில மாதங்கள் முகம் வாடி வந்தால், அடுத்த நாளே வேறு இடம் பார்க்கவும் வேண்டாம், சோம்பேறி என்று திட்டவும் வேண்டாம். இன்று என்ன செய்தாய், எந்த இடத்தில் சிக்கியது என்று கேளுங்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை என்ற பதிலைவிட, இந்த இடம் புரியவில்லை என்ற பதில் வரத் தொடங்கினால், பிள்ளை கற்கத் தொடங்கிவிட்டது என்று நம்பலாம்.

தங்கள் நாளிதழிடம் கேட்பது இது. வழிகாட்டிப் பக்கங்களில் படிப்புகளின் பெயர்களையும் கட்-ஆஃப் மதிப்பெண்களையும் வெளியிடுவதோடு, வாரம் ஒரு தொழிலை எடுத்துக்கொண்டு, அந்தத் தொழிலைச் செய்பவரின் ஒரு நாள் எப்படிக் கழிகிறது, முதல் ஆண்டில் அவர் எதில் தடுமாறினார், யார் கைகொடுத்தார், எப்போது அந்த வேலை அவருக்குப் பிடிபட்டது என்பதை அவர் வாயாலேயே சொல்ல வைத்து வெளியிடுங்கள். வார்ப்பட ஆலையில் அச்சு எடுப்பவர், ஆய்வகத்தில் இரத்தம் பரிசோதிப்பவர், மின்கம்பத்தில் ஏறுபவர், கணக்குத் தணிக்கை செய்பவர் என எல்லாரும் அதில் இடம்பெறட்டும். வெற்றிபெற்ற பெரிய மனிதர்களின் பேட்டிகள் போதுமான அளவு வந்துவிட்டன. கோவையிலும் சுற்றுவட்டாரத்திலும் இப்படிப் பேசக்கூடிய தொழிலாளர்களையும் பட்டறை உரிமையாளர்களையும் ஓய்வுபெற்ற பயிற்றுநர்களையும் எனக்குத் தெரியும். தங்கள் செய்தியாளர் வந்தால் அவர்களிடம் அழைத்துச் செல்ல நான் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பொருத்துநர் பிரிவுப் பயிற்றுநர்,
கோயம்புத்தூர்.